மாலூரியிலிருந்து பாசார் செனி வரை, மூன்று அங்குலத் துளை வழியாக

கோலாலம்பூரின் மாலூரியில் எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலில் ஏறினால் நான் நேராக முதல் பெட்டிக்குப் போய்விடுவேன். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, ஓட்டுநருக்கென்று அறையும் கிடையாது. அதனால் முன்கண்ணாடி நம்முடையதுதான். எப்போது போனாலும் இரண்டு மூன்று பொடிசுகள் அங்கே மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர்களுக்குப் பின்னால் 63 வயதுக் கிழவன் ஒருவனும் நிற்பான். என் வீட்டுக்காரி நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டு, இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற மாதிரி வேறு பக்கம் பார்ப்பாள்.

“அப்படி என்னதான் தெரியுது உங்களுக்கு? ஒரே இருட்டு.”

இருட்டுதான். விளக்கு வெளிச்சத்தில் வளையம் வளையமாகக் கான்கிரீட் சுவர் வந்து வந்து போகும், அவ்வளவே. நான் நினைத்துக்கொண்டு நிற்பது அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற கல்லை. அதில் சில இடங்களை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

1983-லிருந்து 2018 வரை எனக்கு மண் ஆய்வு வேலை. ‘சைட் இன்வெஸ்டிகேஷன்’ என்பதைச் சுருக்கி எங்கள் ஆட்கள் எஸ்.ஐ. என்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது தரகர் “மாப்பிள்ளை எஸ்.ஐ.” என்று சொல்லிவிட்டார். மாமனார் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் என்று நம்பிச் சம்மதித்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நான் சேறு படிந்த பூட்ஸோடு வந்து இறங்கியதும்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது.

வேலை இதுதான். கட்டடமோ பாலமோ வருவதற்கு முன்னால் ரிக் என்கிற துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்கி, தரையில் மூன்று அங்குல அகலத்தில் ஒரு துளை போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மண்ணாக இருக்கும் வரைக்கும் ஹேமர். 63.5 கிலோ எடை, 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டும். பத்து அடி என்றால் மண் இளகல், ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் கெட்டி. டங், டங், டங் என்று நாள் முழுக்கச் சத்தம். எந்தக் குடியிருப்புத் தாமானுக்குப் போனாலும் ஓர் அம்மா வெளியே வந்து “பிள்ளை தூங்குது, கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா” என்று கேட்பார். மெதுவாக அடித்தால் கணக்கு தப்பிவிடும் அம்மா என்று நானும் முப்பத்தைந்து வருஷம் சொல்லியிருக்கிறேன்.

கோலாலம்பூரில் பூஜ்யம் வருகிற இடங்களும் உண்டு. ஹேமரே வேண்டாம், ராட் என்கிற துளையிடும் குழாய்த்தண்டு தன் எடையிலேயே சேற்றில் இறங்கிப் போகும். அங்கே ஒரு காலத்தில் ஈய லம்பம், அதாவது வெள்ளீயம் தோண்டிய குழி, இருந்திருக்கும். இந்த ஊரே 1857-இல் கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில் ஈயம் தேடி வந்தவர்களால் உண்டானதுதானே. தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது, பிறகு மணலும் சகதியும் கொட்டி மூடினார்கள், அதன் மேல் வீடு வந்தது, ரோடு வந்தது. மேலே நிற்பவர்களுக்கு மறந்துபோயிற்று. ராட் மறக்காது.

அதற்கும் கீழே கல்.

பத்துமலைக்குப் போகாத தமிழன் கோலாலம்பூரில் இருக்க முடியாது. 272 படி ஏறிப் போய்க் குகைக்குள் அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தச் சுண்ணாம்புக்கல்தான் நகரத்தின் பெரும் பகுதிக்கு அடியிலும் படுத்திருக்கிறது. புவியியல்காரர்கள் அதற்குக் கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வயது 40 கோடி ஆண்டுக்கு மேல். பத்துமலையில் தலையைத் தூக்கி நிற்கிற அதே கல், புடுவிலும் செராஸ் பக்கத்திலும் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. மழைத் தண்ணீரில் இருக்கிற லேசான புளிப்பு போதும், இந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கோடிக்கணக்கான வருஷம் கரைந்தால் என்ன ஆகும்? ஓர் இடத்தில் ஊசி மாதிரி மேலே நீண்டு நிற்கும், பக்கத்திலேயே பள்ளமாக விழும், நடுவில் பொந்து பொந்தாக இருக்கும். பொந்து சில சமயம் காலியாக இருக்கும், சில சமயம் தண்ணீர், சில சமயம் மஞ்சள் களிமண்.

குகை மேலே இருந்தால் நாம் படியேறிப் போய்க் கும்பிடுகிறோம். கீழே இருந்தால் ராட் விழுகிறது.

எல்லாப் பக்கமும் இப்படி இல்லை. ஊரின் மேற்குப் பக்கம், மூசியம் நெகாரா அருங்காட்சியகம், டமன்சாரா குன்றுகள், இதெல்லாம் கென்னி ஹில் என்கிற வேறு வகை. மணற்பாறையும் களிப்பாறையும் கலந்து, மேலாக உளுத்துப்போய், சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம் என்று வரும். துளை போட நல்ல மண். சொன்னபடி கேட்கும். இரண்டு வகையும் எங்கே முட்டுகின்றன என்பதுதான் இந்த ஊரில் கோடிக்கணக்கான ரிங்கிட் கேள்வி. பெட்ரோனாஸ் கோபுரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குறித்த இடத்தில் துளை போட்டுப் பார்த்தபோது, ஒரு பாதிக்கு அடியில் சுண்ணாம்புக்கல், மறு பாதியில் பாறை சரேலென்று ஆழத்துக்குப் போயிருந்தது. அப்படியே கட்டியிருந்தால் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அடித்தளத் தூண்களில் சில, நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானவை, பாறையில் உட்காராமல் மண்ணின் பிடிப்பிலேயே நிற்பவை. அந்தத் துளைகளை நான் போடவில்லை. போட்ட ஆட்களோடு தே தாரேக் டீ குடித்திருக்கிறேன்.

ஊருக்கு அடியில் ரயில் போவது எம்.ஆர்.டி.யோடு தொடங்கியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கிளானா ஜெயா தடம் என்கிறோமே, அந்த எல்.ஆர்.டி. இலகு ரயில் 1998 செப்டம்பரில் பாசார் செனி வரை ஓடியது. 1999-இல் அங்கிருந்து தரைக்குள் இறங்கி மஸ்ஜித் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் என்று ஐந்து நிலையங்களைத் தொட்டு மறுபடி மேலே ஏறியது. அதற்கும் ஓட்டுநர் இல்லை. முதல் முறை ஏறியபோது என் அம்மா கடைசி வரை கண்ணைத் திறக்கவில்லை. ஆளே இல்லாமல் ஓடுகிற வண்டியில் யாரை நம்பி உட்காருவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அப்புறம் 2007-இல் ஸ்மார்ட் சுரங்கம். 9.7 கிலோமீட்டர். நடுவில் கார் போக இரண்டு தட்டு, பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு முழுச் சுரங்கத்தையும் வெள்ளத்துக்கு விட்டுவிடுவார்கள். 13 மீட்டருக்கு மேல் அகலமான இரண்டு இயந்திரங்கள் அதைக் குடைந்தன. துவா, கெமிலாங் என்று பெயர். சுண்ணாம்புக்கல்லுக்குள் இயந்திரத்தை விட்டால் அது எப்படியெல்லாம் முரண்டு பிடிக்கும் என்று இந்த ஊர் ஆட்கள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எம்.ஆர்.டி. திட்டத்தை 2011 ஜூலை 8-இல் தொடங்கி வைத்தார்கள். சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை 51 கிலோமீட்டர், அதில் செமந்தானுக்கும் மாலூரிக்கும் நடுவே 9.5 கிலோமீட்டர் தரைக்கு அடியில். ஏழு சுரங்க நிலையங்கள். அந்தச் சுரங்கப் பகுதிக்கு மட்டும் 828 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் என்று பின்னால் பேப்பரில் படித்தேன். எங்கள் ஓவர்டைம் அதில் எத்தனை காசு என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கார் நிறுத்துமிடம், பள்ளி மைதான ஓரம், பின் சந்து, ரோட்டு நடுத்திட்டு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் ரிக்குகள் நின்ற காலம் அது. ஒரு ரிக் எனக்கு.

புடு பக்கம் ஒரு பின் சந்தில் துளை. இரண்டு பக்கமும் கடைகளின் பின்கதவு, சாக்கடை, எலி, வறுத்த பூண்டு வாசம். மீன் கடை முதலாளி, தவுக்கே ஒருவர், தினமும் வந்து “இன்னும் முடியலையா” என்று கேட்டுவிட்டுப் போவார். என்னோடு ரிக்கில் ஒரு ஜாவாக்காரர். வயது என்னைவிடக் கூட. அவர் கை எப்போதும் லீவரில், கண் எப்போதும் தண்ணீரில். நான் தொழிலைப் பாதி அவரிடம்தான் கற்றேன். கம்பெனி அனுப்பிய புது இன்ஜினியர் ஒரு தமிழ்ப் பெண், படிப்பு முடித்து ஆறு மாதம். என்னை அங்கிள் என்பாள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், பெயர் வாயில் வராது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறையில் துளை போடும்போது ராட் வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்போம். அது வெட்டு முனையைக் குளிர வைத்து, தூளை அள்ளிக்கொண்டு துளை வழியே மேலே திரும்பி வரும். வெள்ளையாக வந்தால் சுண்ணாம்புக்கல், மஞ்சளாக வந்தால் களிமண். வந்துகொண்டிருக்கும் வரை கவலை இல்லை.

அன்று 12 மீட்டரில் பாறை. நல்ல கல், வெட்டியெடுத்த துண்டுகள் பளிங்கு மாதிரி சாம்பல் வெள்ளையில் பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. மத்தியானம் சோற்றைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்து திறக்கிறேன், ஜாவாக்காரர் கையைத் தூக்கினார். தண்ணீர் திரும்பி வரவில்லை. டாங்கியில் இருந்தது எல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, மேலே ஒரு சொட்டு இல்லை. அவர் லீவரை விட்ட அடுத்த நொடி ராட் கடகடவென்று இறங்கிற்று. 18.60 மீட்டரிலிருந்து 23.10 வரை. நாலரை மீட்டர். ஒரு மாடி வீடு உள்ளே நிற்கும்.

“கோசோங்” என்றார். ஒன்றுமில்லை, வெறும் இடம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேசவில்லை, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அங்கிள், நாம நிக்கிற இடம் உள்ளே போயிடுமா?” போகாது, நமக்கும் அதுக்கும் நடுவில் ஆறு மீட்டர் கல் இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு ரிக்கை விட்டு இரண்டு அடி நகர்ந்தும் நின்றேன், பொய் சொல்லக் கூடாது.

துளையில் கண்டதைப் பதிகிற போர் லாக்கில் குகை நாலரை மீட்டர் என்று எழுதி அனுப்பினோம். மறுநாள் ஆபீஸிலிருந்து போன். இவ்வளவு பெரிதாக இருக்க வாய்ப்பில்லை, இளகிய மண்ணைத் தவறாக எழுதியிருப்பீர்கள், பக்கத்தில் இன்னொன்று போடுங்கள் என்று உத்தரவு. இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டோம். ஒன்பதாவது மீட்டரிலேயே பாறை. அங்கிருந்து பத்து மீட்டருக்கு மேல் ஒரு கீறல் இல்லாத கல். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தோம், கடையில் விற்கலாம் போல இருந்தது.

இரண்டு மீட்டர் தூரத்தில் ஒன்றில் குகை, ஒன்றில் முழுக் கல். ஆபீஸில் யாரும் நம்பவில்லை. இரண்டில் ஒன்று பொய் என்றார்கள். முதல் நாள் ஆட்கள் துளையே போடாமல் கடையில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள் என்றும் ஒருவர் சொன்னாராம். எனக்கு அது இன்றைக்கும் உறுத்தும். இருபத்தெட்டு வருஷ வேலையில் உட்கார்ந்து எழுதிய லாக் ஒன்றுகூட என் பெயரில் கிடையாது. அந்தப் பெண் மட்டும் கோபமாகப் போய்க் கல் பெட்டிகளின் படத்தையும், ராட் எண்ணிக்கையையும், அன்றைக்கு வாங்கின தண்ணீர் லாரி பில்லையும் மேஜையில் போட்டாள். தண்ணீர் பில் எனக்குத் தோன்றவில்லை. படித்த பிள்ளை.

நடுவில் மூன்றாவது துளை போடச் சொன்னார்கள். 14 மீட்டரில் பாறை, 20-ஐத் தாண்டி முக்கால் மீட்டருக்கு ஒரு பொந்து, அதில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் களிமண். ஆக மூன்று துளை, மூன்றும் மூன்று ஊர். அதற்கு அப்புறம் யாரும் போன் செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தவுக்கே மட்டும் கடைசி நாள் இரண்டு கிலோ கெம்போங் மீன் கொடுத்து அனுப்பினார், நாங்கள் கிளம்புகிற சந்தோஷத்தில்.

இப்படிப்பட்ட கல்லுக்குள் சுரங்கம் குடைவது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் தெரிந்தது, எங்கள் ஃபிளாட்டில் மேல் வீட்டுப் பையன் மூலமாக. அவன் ஷா ஆலம் கோத்தா கெமுனிங்கில் சுரங்க வேலைக்கென்றே தொடங்கிய பயிற்சிக் கூடத்தில் படித்துவிட்டு, குடையும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரவு ஷிப்ட் முடித்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது பிடித்துக்கொள்வேன்.

அவன் சொன்னதை என் சமையலறை மொழியில் சொல்கிறேன். மொத்தம் பத்து இயந்திரம். நான்கு கென்னி ஹில் மண்ணுக்கு. அவை வெட்டிய மண்ணையே தோசை மாவுப் பதத்துக்கு ஆக்கி, முன்னால் இருக்கிற அறையில் நிரப்பி, அந்த அழுத்தத்தாலேயே எதிர் மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கல்லுக்கு அது சரிப்படாது. அங்கே பெண்டனைட் என்கிற களிமண் கலந்த தண்ணீரை முன்னால் தள்ளி முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் மோர் மாதிரி நீர்த்த கலவையாக இருந்தால், நம் ராட் தண்ணீர் போன மாதிரி அதுவும் பொந்துக்குள் ஓடிவிடும். முட்டுப் போயிற்று என்றால் மேலே ரோடு உள்ளே வரும். அதற்காக ஜெர்மனியின் ஹெரன்க்னெக்ட் கம்பெனியும் இங்கே எம்.எம்.சி. கமுடா கூட்டு நிறுவனமும் சேர்ந்து புது வகை ஒன்றைச் செய்தார்கள். பொந்து வந்தால் சுண்ணாம்புத் தூளைக் கலந்து மோரைக் கெட்டித் தயிர் ஆக்கிக்கொள்ளலாம், தயிர் ஓடாது. தேவைப்பட்டால் தோசை மாவு முறைக்கும் மாறிக்கொள்ளலாம். நடு வழியில், இயந்திரத்தை வெளியே எடுக்காமல். உலகத்திலேயே இந்த வகை முதலில் இறங்கியது இங்கேதான், 2013-இல், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற காக்ரேனில். ஆறு இயந்திரம் அந்த மாதிரி.

பையனுக்கு வேலை பின்பக்கம், வளையம் பூட்டுகிற இடத்தில். இயந்திரம் கொஞ்ச தூரம் குடையும், நிற்கும். கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வட்டமாகப் பூட்டுவார்கள். அந்த வளையத்தைக் காலால் உதைத்துக்கொண்டு இயந்திரம் மறுபடி முன்னே நகரும். ஒவ்வொரு வளையத்துக்கும் எண் உண்டு. ஒருநாள் அவனிடம் என் சந்து இருக்கிற இடத்தைச் சொல்லி, அந்த எண் வரும்போது என்ன ஆகிறது என்று எனக்குச் சொல்லணும் தம்பி என்று கேட்டுக்கொண்டேன். பேப்பரில் எழுதியும் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து லிஃப்டில் பார்த்தேன். “அங்கிள், உங்க இடம் தாண்டிட்டோம்.”

“எப்ப? என்ன ஆச்சு?”

“போன வாரமே போச்சு. ஒண்ணும் ஆகலையே. சும்மாதான் போச்சு.” முன்கூட்டியே மேலிருந்து துளை போட்டுச் சிமெண்ட் கலவையை அழுத்தி ஏற்றி நிரப்பிவிட்டிருந்தார்களாம். அவன் அன்றைக்கு வளையம் பூட்டிக்கொண்டே மெக்கி மீ நூடுல்ஸ் சாப்பிட்டானாம்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? நாலரை மீட்டர் குகை, மூன்று துளை, அவ்வளவு பேச்சு வாங்கியிருக்கிறேன், கடைசியில் மெக்கி மீ. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அப்போது வேறு நாட்டில் வேலையில் இருந்தாள். “அதுதானே அங்கிள் வேணும்” என்று சிரித்தாள்.

2017 ஜூலை 17-இல் சுரங்கப் பகுதி திறந்தது. அந்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மாலூரி, காக்ரேன், டி.ஆர்.எக்ஸ்., புக்கிட் பிந்தாங், மெர்டேக்கா, பாசார் செனி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டோம். முன்பு அதே தூரம் பஸ்ஸில் புடு ஜெயில் சுவரைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம். ஜெயிலும் இப்போது இல்லை, அங்கே பேரங்காடி. பாசார் செனியில் மேலே ஏறி நடந்தால் துன் எச்.எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1873-இல் தோன்றியது. தைப்பூச வெள்ளி ரதம் புறப்படுகிற இடம். ரதம் இங்கிருந்து பத்துமலைக்குப் போக ராத்திரி முழுக்க ஆகும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரி கேட்டாள், “அந்தக் குகை வந்துச்சா?” வந்தது என்றேன். “எனக்குச் சொல்லவே இல்லையே.” சொல்லியிருந்தால் நீ பயந்திருப்பாய் என்று வாய் வரை வந்தது. உண்மையில் எனக்கே சரியாகத் தெரியவில்லை. புக்கிட் பிந்தாங் தாண்டி ரயில் லேசாக முனகிய ஓர் இடத்தை நானே அதுவென்று வைத்துக்கொண்டேன். இப்போது வரை அதுதான்.

இரண்டாவது தடம், புத்ராஜெயா தடம், முழுசாக ஓடத் தொடங்கியது 2023 மார்ச் 16-இல். அதில் சுரங்கம் 13.5 கிலோமீட்டர், ஒன்பது நிலையங்கள். செந்தூல் பாராட், தித்திவங்சா, கோலாலம்பூர் மருத்துவமனை, இப்படிப் போகும். டி.ஆர்.எக்ஸ்.ஸில் இரண்டும் சந்திக்கின்றன. ஒரே மேடையில் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளலாம். மருத்துவமனை அட்டை வைத்திருக்கிற என் வயசுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. முன்பு காரை நிறுத்த இடம் தேடியே ரத்த அழுத்தம் ஏறிவிடும், அப்புறம் உள்ளே போய் அதை அளப்பார்கள். ஐம்பது ரிங்கிட்டுக்கு மாதம் முழுக்கப் போய்வர ஒரு பாஸ் இருக்கிறது. சுற்றுத் தடம் ஒன்றும் வரப்போகிறது, சுமார் 51 கிலோமீட்டர். நான் ஏறுவேனா தெரியாது, பேரன் ஏறுவான்.

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, நடந்துபோன ஒரு பெண்மணி விழுந்து, ஒன்பது நாள் தேடியும் கிடைக்காமல் போனாரே, அந்த வாரம் என் போன் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள், கோயில் கமிட்டி ஆள் ஒருவர்கூட. “ரயில் விட்டதாலயா அண்ணே? நம்ம தெருவும் விழுமா?” இந்தக் கல்லின் மேல் மண் விழுவதற்கு ரயிலே வேண்டாம் என்று மட்டும் எல்லோருக்கும் சொன்னேன். நிலத்தடி நீர் இறங்கினாலே மேல் மண் அந்தப் பொந்துகளுக்குள் அரித்துக்கொண்டு போகும், உடைந்த குழாய் ஒன்று போதும் மண்ணை இழுத்துப் போக. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், போர் லாக்கைப் பார்க்காமல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். சிலருக்குக் கோபம். அந்தப் பக்கம் துணி எடுக்கப் போனால் என் மனைவி இப்போதும் சாக்கடை மூடிகளைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் காலை நடைக்குப் போகும்போது, எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் ஒரு ரிக் நின்றது. புது காண்டோ அடுக்குமாடியாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லீவரில் ஒரு பங்களாதேஷ் பையன், பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருபது வயசு சூப்பர்வைசர், நம்ம பிள்ளை.

“அங்கிள், அங்கேயே நில்லுங்க, உள்ளே வராதீங்க. சேப்டி.”

நின்றேன். கல்லில்தான் போய்க்கொண்டிருந்தது, வெள்ளைத் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. தொட்டிப் பக்கம் பார்த்தேன்.

“தம்பி” என்றேன். அவன் நிமிரவில்லை. “தம்பி, போனைக் கீழே வை. தண்ணி திரும்பலை பாரு.”